மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாதை இது? எங்கிருந்து எங்கே போனது?

மயிலாடுதுறை ஜங்ஷனிலிருந்து கிழக்கே பிரிந்து கடற்கரையில் முடிந்த மீட்டர் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மி.மீ. இடைவெளி) கிளைப் பாதை. நீளம் ஏறக்குறைய 29 கி.மீ. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி என்று நிலையங்கள் இருந்தன. 1926-ல் திறந்தார்கள், 1986-ல் மூடினார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன திருக்கடையூர் வழியாகப் போன ரயிலுக்குக் கிடைத்த ஆயுளும் அறுபது வருஷம்தான்.

அந்தப் பாதையில் இன்று ரயில் இல்லை. ஒரு சுற்றுலா ரயிலாகவாவது அதை மீட்க முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. முடியும் என்பதே எங்கள் பதில். ஆனால் டெல்டாவில் ரயில் பாதை போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைத்தான். தண்டவாளம் அதற்கு அப்புறம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் தண்ணீரிடமே வந்து நிற்கும்.

டேனிஷ்காரர்கள் இருந்த துறைமுகம் ஆயிற்றே, ரயில் வர ஏன் 1926 வரை ஆனது?

1620-ல் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டிய ஊர் தரங்கம்பாடி. 1845-ல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து, 1861-ல், கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்தில் தொடங்கித் தஞ்சாவூர் வரை ரயில் விட்டது. 1862-ல் அது திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. டெல்டாவின் நெல் அதற்கு முன்பு மாட்டு வண்டியிலும் தோணியிலும் எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம் என்றிருந்தது. தண்டவாளம் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் சரக்கு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துப்போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்து ஊருக்கு வந்த ரயில் இந்த ஊரை வெறிச்சோட வைத்தது; இந்த ஊருக்கே ரயில் வர மேலும் அறுபத்தைந்து வருஷம் ஆனது. அதற்குள் ஏற்றுமதி செய்யத் துறைமுகமே இல்லை. அதனால் இந்தக் கிளை பிறக்கும்போதே பயணிகளை நம்பிய பாதையாகப் பிறந்தது. மூடியதற்கான காரணத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

டெல்டாவின் முதல் பாதை அகலப் பாதை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நாகப்பட்டினம் பாதையை முதலில் 1,676 மி.மீ. அகலத்தில்தான் போட்டார்கள். 1875-ல் அதைக் குறுக்கி 1,000 மி.மீ. மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். அதன் பின் தென்னிந்திய ரயில்வே டெல்டாவில் போட்டதெல்லாம் மீட்டர் கேஜ். 1990-களின் கடைசியில் தொடங்கி அவற்றையெல்லாம் மறுபடி அகலமாக்கினார்கள். குறுக்கியதை விரிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மாயவரம் எப்படி ஜங்ஷன் ஆனது?

சென்னையிலிருந்து கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மெயின் லைன் 1870-களின் இறுதியில் உருவானது. 1894-ல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்தச் செலவில் மாயவரம் – முத்துப்பேட்டை பாதையைத் திறந்தது. ஒரு ஜில்லா போர்டு தன் மக்களிடம் வரி வசூலித்து ரயில் விட்டது. இதை டெல்டாக்காரர்கள் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம். 1926-ல் தரங்கம்பாடிக் கிளையும் சேர, மாயவரம் நாலு திசைக்கும் ரயில் போகும் ஊரானது. ஊர்ப் பெயர் மயிலாடுதுறை என்று மாறியது 1982-ல்.

ஏன் மூடினார்கள்?

நஷ்டம் என்பது கணக்குப் புத்தகத்தில் எழுதிய காரணம். நஷ்டம் ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு சாலை போகிறது. பேருந்து ஊருக்கு நடுவில் நிற்கும். ரயிலுக்கு ரயிலடி வரை நடக்க வேண்டும். பேருந்து அடிக்கடி உண்டு. ரயில் நாளைக்குச் சில தடவை. கடைசி நிலையத்துக்கு அப்பால் கடல் என்பதால் வேறெங்கும் போகும் பயணி இந்த வழியில் வர மாட்டார். துறைமுகம் செத்ததால் சரக்கும் இல்லை. வருமானம் இல்லாத பாதையில் பராமரிப்பைக் குறைப்பார்கள். பராமரிப்பு குறைந்தால் வேகக் கட்டுப்பாடு வரும். வேகம் குறைந்தால் இருக்கிற பயணியும் பேருந்துக்குப் போவார். நாட்டில் பல கிளைப் பாதைகள் இந்தச் சுழலில்தான் முடிந்தன.

பக்கத்தில் மூடிய பாதைகளெல்லாம் திரும்பி வந்தனவே, இது மட்டும் ஏன் வரவில்லை?

நீடாமங்கலம் – மன்னார்குடி 14 கி.மீ. 2011-ல் திரும்பியது. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கி.மீ. 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திரும்பியது. பேரளம் – காரைக்கால் பாதையை மறுபடி போட்டார்கள். நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி 2010-ல் புதிதாகவே வந்தது.

ஒவ்வொன்றுக்கும் தாங்க ஒரு தோள் இருந்தது. மன்னார்குடி பெரிய ஊர். சென்னைக்கு நேரடி ரயில் விட்டால் நிறையும். அகஸ்தியம்பள்ளிக்கு வேதாரண்யம் உப்பு இருக்கிறது. காரைக்காலுக்குத் துறைமுகமும் திருநள்ளாறும். வேளாங்கண்ணிக்கு மாதா கோவில். தரங்கம்பாடிப் பாதைக்கு அப்படி ஒற்றைப் பெருங்காரணம் கிடையாது. திருக்கடையூர், கோட்டை, கடற்கரை, பொறையாரிலும் மன்னம்பந்தலிலும் உள்ள கல்லூரிகள் என்று சிறு காரணங்கள் பல. ஆகவே இதைச் சுற்றுலா ரயில் என்று மட்டும் வாதாடினாலும் நிற்காது, தினசரிப் பயணி ரயில் என்று மட்டும் வாதாடினாலும் நிற்காது. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும். கால அட்டவணையைப் பற்றிய பதிலில் இதை விவரமாகச் சொல்கிறோம்.

பழைய பாதை எந்த வழியாகப் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமத்து நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்தால் ரயில்வே நிலம் தனிப் புல எண்ணாக இருக்கும். அந்தப் புல எண்ணுக்குப் புல வரைபடம் வாங்குங்கள். வயல்கள் கோணல்மாணலாக இருக்க, நடுவில் ஒரே அகலத்தில் நீண்டு போகும் பட்டைதான் பாதை. கிராமம் கிராமமாக இந்தப் படங்களை ஒட்டினால் முழு வழியும் வரும். நிலையம் இருந்த இடத்தில் பட்டை சட்டென்று அகலமாகும்.

களத்தில் தேட வேண்டியவை: சுற்று வயலைவிட ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ உயர்ந்து, திடீர்த் திருப்பமே இல்லாமல் போகும் மண் கரை, வாய்க்கால் குறுக்கே தனியாக நிற்கும் செங்கல் மதகு, வெட்டிய பழைய தண்டவாளத் துண்டை நட்ட எல்லைக் கம்பம், மண்ணைக் கிளறினால் வரும் கருங்கல் ஜல்லி. டெல்டாவில் ஜல்லி தானாகக் கிடைக்காது. வயல் நடுவே கருங்கல் ஜல்லி அடுக்காகக் கிடந்தால் யாரோ கொண்டுவந்து கொட்டியது. மாட்டு வண்டிப் பாதையும் கரைபோல உயர்ந்திருக்கும். ஆனால் அது வரப்புக்கு வரப்பு வளையும். ரயில் வளைவு அப்படிச் செய்யாது.

பழைய அழகோடு மீட்டர் கேஜிலேயே விடலாமே?

மனசுக்குப் பிடித்த பதில் அதுதான். ஆனால் அகலப் பாதையே சரி என்பது எங்கள் முடிவு.

தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் இன்று நீலகிரி மலை ரயிலில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 46 கி.மீ. மலைப் பாதை, 1899-லும் 1908-லும் திறந்தது, 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. அதன் பெட்டிகளும் எஞ்சின்களும் பல்சக்கரப் பாதைக்கென்று செய்தவை. சமவெளிக்கு அப்படியே எடுத்துவர முடியாது. மயிலாடுதுறையில் மற்றப் பாதைகள் எல்லாம் அகலமாகிவிட்ட பின் 29 கி.மீ. மீட்டர் கேஜ் ஒரு தீவாகிவிடும். அதற்கென்று தனிப் பணிமனை, தனிப் பழுதுக்குழி, தனிக் கிரேன் வேண்டும். ஒரு சக்கரம் தேய்ந்தால்கூட லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அகலப் பாதை என்றால் பெட்டி கெட்ட அன்று வேறு பெட்டி கொண்டுவரலாம். பண்டிகை நாளில் சென்னை ரயிலையே தரங்கம்பாடி வரை நீட்டலாம்.

பழைய அழகை நிலையங்களில் காப்பாற்றலாம். சென்னையில் பெரம்பூர் பணிமனை சீரமைத்த ஈ.ஐ.ஆர். 21, 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டிய நீராவி எஞ்சின். அது அகலப் பாதை எஞ்சின்தான். நீராவிக்கு மீட்டர் கேஜ் அவசியமில்லை.

பழைய கரை அப்படியே இருக்கிறதே. அதன் மேல் தண்டவாளம் போட்டால் முடிந்ததா?

முடியாது. இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கிற கேள்வியும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயமும் இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறோம்.

முதலில் அகலம். பழைய மீட்டர் கேஜ் கரையின் உச்சி ஏறக்குறைய 5 மீட்டர். ஒற்றை அகலப் பாதைக்கு இப்போதைய அளவு 7.85 மீட்டர். சரிவு, உயரத்தைப் போல இரண்டு மடங்கு கிடையாகப் போக வேண்டும். 2 மீட்டர் உயரக் கரைக்கு அடி அகலம் 15.85 மீட்டர் ஆகிறது. 5 மீட்டர் உயரமானால் 27.85 மீட்டர். வடிகாலுக்கு இடம் தனி.

அடுத்தது மண். காவிரி கொண்டுவந்து போட்ட களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஏப்ரலில் வயலில் கை நுழையும் வெடிப்பைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டாம். அதே மண்ணில் கட்டிய கரையும் அதையேதான் செய்யும். வெடிப்பில் மழை இறங்கும், உள்ளே ஊறும், கரையின் தோள் ஒரு பக்கமாகச் சரியும். நல்ல மண் டெல்டாவுக்குள் கிடைக்காது. வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டிலிருந்து லாரியில் வர வேண்டும்.

மூன்றாவது, ஒட்டும் விதம். பழைய கரைக்குப் பக்கத்தில் புது மண்ணைக் கொட்டி உருளை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகாது. இடையில் ஒரு வழுக்குத் தளம் உண்டாகி, முதல் பெருமழையில் புதுப் பகுதி மட்டும் கழன்று இறங்கும். பழைய சரிவில் புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் வழித்து, படிக்கட்டுப் போல வெட்டி, ஒவ்வொரு படியிலும் 30 செ.மீ. தடிமனுக்கு மேல் போகாமல் மண் பரப்பி, ஈரப்பதம் பார்த்து இறுக்கிக்கொண்டே மேலே வர வேண்டும். அவசரத்துக்கு 60 செ.மீ. கொட்டி மேலே மட்டும் உருட்டினால் உருளையின் அழுத்தம் அடி வரை போகாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும். இரண்டாம் வருஷம் பள்ளம் விழும்.

நான்காவது, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே போடும் சரளை–மணல் அடுக்கு. இதைத்தான் பலரும் செலவு என்று குறைக்கப் பார்ப்பார்கள். இது இல்லாத பாதையில் நடப்பதைச் சொல்கிறோம்: மழையில் களிமண் குழம்பாகும். சக்கரம் ஏறும்போது சிலீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) ஒரு மயிரிழை அமுங்கும், சக்கரம் போனதும் எழும்பும். அமுங்கி எழும் ஒவ்வொரு தடவையும் சேறு ஜல்லி இடுக்கு வழியாக மேலே உறிஞ்சப்படும். ஒரு மழைக்காலத்துக்குள் சிலீப்பரின் இரு முனையிலும் சாம்பல் நிறச் சேறு கக்கியிருக்கும். வெயிலில் அது காய்ந்து ஜல்லியைச் சிமெண்ட் போலப் பிடித்துக்கொள்ளும். அதன் பின் தண்ணீர் வடிய வழியே இல்லை. அந்த இடத்தில் எத்தனை தடவை ஜல்லி கொட்டி இடித்தாலும் பாதை மறுபடி அமுங்கும். பாதையோரம் நடந்து போகும்போது சிலீப்பர் முனையில் வெளுத்த சேறு தெரிந்தால், நோய் ஜல்லியில் இல்லை, அடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு பொருள் ஆகும்?

கையாலேயே கணக்குப் போடலாம். சிலீப்பர்: 60 செ.மீ. இடைவெளியில் கி.மீ.க்கு 1,660. 29 கி.மீ.க்கு 48,140, லூப் பாதைகளையும் (ரயில் ஒதுங்கி நிற்க நிலையத்தில் போடும் பக்கப் பாதை) சேர்த்து 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கான்கிரீட் சிலீப்பர் 270 கிலோ அளவு கனம். தண்டவாளம்: மீட்டருக்கு 60 கிலோ, இரண்டு வரிசை, 3,480 டன். ஜல்லி: மீட்டருக்கு 2 கன மீட்டர் என்று வைத்தாலே 58,000 கன மீட்டர்.

ஜல்லிதான் பெரிய தலைவலி. டெல்டாவில் கருங்கல் குவாரி இல்லை. புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 5,800 நடை, அதுவும் கிராமத்து வண்டிப் பாதைகளில். அவை அந்தப் பாரம் தாங்காது. அதனால் மயிலாடுதுறை முனையிலிருந்து பாதையைப் போட்டுக்கொண்டே, போட்ட பாதையிலேயே ஜல்லி ரயிலை ஓட்டிக்கொண்டு கிழக்கே நகர்வதுதான் முறை. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்பார்கள். இந்தப் பாதைக்கு அது பொருந்தாது.

வேலையை எந்த மாதத்தில் செய்ய வேண்டும்?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். தரங்கம்பாடி வட்டாரம் கடைமடை, அதாவது பாசன நீர் கடைசியாக வந்து சேரும் இடம். இங்கே வாய்க்கால் வறண்டிருப்பது பிப்ரவரி பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை. மதகு, பாலம், அடித்தளம் எல்லாம் அந்த நான்கு மாதத்துக்குள் நில மட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். ஒரு மதகைப் பாதியில் விட்டால் அந்த வாய்க்காலை நம்பிய நிலத்துக்குக் குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. மண் கரை வேலையை செப்டம்பர் வரை இழுக்கலாம். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்ணைத் தொடக் கூடாது. அந்த மாதங்களில் இறுக்கிய மண் இறுகியதாகக் கணக்கில்லை.

ஆறுகளை எப்படிக் கடப்பது?

இந்தப் பாதைக்கு வாய்த்த நல்ல அம்சம், ஆறும் கிழக்கே போகிறது, பாதையும் கிழக்கே போகிறது. மயிலாடுதுறை – திருவாரூர் பாதை வடக்கு தெற்காகப் போவதால் வழியில் வரும் ஆற்றையெல்லாம் குறுக்கே வெட்ட வேண்டும். இங்கே வீரசோழன், மஞ்சளாறு, மகிமலையாறு என்று ஆறுகள் இருந்தாலும் தொல்லை தருவது பெரிய ஆறு இல்லை. வயலுக்கு வயல் தண்ணீர் கொண்டுபோகும் சின்ன வாய்க்காலும், அதைவிட முக்கியமாக வடிகாலும்தான்.

பாசன வாய்க்கால் எங்கே என்று ஊரே காட்டும். வடிகாலை யாரும் காட்ட மாட்டார்கள்; கோடையில் அது வெறும் பள்ளம், மாடு மேயும் இடம். நவம்பரில்தான் அது வடிகால் என்று தெரியும். கோடையில் அளந்து மதகு வைத்தால் வடிகால் விட்டுப்போகும். மழையில் கரைக்கு வடக்கே உள்ள வயல் குளமாகும். இளம் சம்பாப் பயிர் நாலைந்து நாள் மூழ்கினாலே அழுகும். ஊர்க்காரர்கள் வேறு வழியின்றிக் கரையை வெட்டிவிடுவார்கள். அது அவர்கள் தவறல்ல. மழைக்காலத்தில் ஒரு தடவை முழுப் பாதையும் நடந்து, தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் குறித்த பிறகே மதகின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, பாலத்துக்கு ஏறும் இடத்துப் பள்ளம். பாலம் ஆழத்தில் இறங்கிய தூணில் நிற்கிறது, அது அமுங்காது. பக்கத்துக் கரை களிமண் மேல் நிற்கிறது, அது அமுங்கும். அதனால் ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னும் பின்னும் ரயில் தூக்கிப் போடும். பாலச் சுவருக்குப் பின்னால் களிமண்ணே போடாமல் பெருங்கல்லும் சரளையும் நிரப்பி, சுவரில் தண்ணீர் கசிய ஓட்டைகள் விட்டால் இது பெருமளவு குறையும்.

ரயில்வே கேட்டா, சுரங்கப்பாதையா?

புதுப் பாதைகளில் கேட்டைத் தவிர்த்து மேம்பாலமோ கீழ்ப்பாலமோ கட்டுவதே இப்போது ரயில்வேயின் போக்கு. டெல்டாவில் தரைக்குக் கீழே தோண்டிய கீழ்ப்பாலம், ஐப்பசி தொடங்கினால் குளம்தான். நிலத்தடி நீரே கை தொடும் ஆழத்துக்கு வந்துவிடும். மோட்டார் வைத்து இறைத்தாலும் புயலன்று மின்சாரம் இருக்காது. உயரமும் பிரச்சினை. அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய லாரியும் நுழையாத கீழ்ப்பாலம் விவசாயிக்கு எதற்கு?

கேட் வைத்தால் ஆள் வேண்டும். திருவாரூர் – காரைக்குடி பாதை இதற்குப் பாடம். 149 கி.மீ. பாதையை அகலமாக்கி 2019 ஜூனில் முழுவதும் ரயில் விட்டபோது கேட்டுக்கு ஆள் போதவில்லை. ரயிலிலேயே கேட் கீப்பர்களை ஏற்றிப் போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், ரயில் தாண்டி நிற்கும், இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட பாதையில் மக்கள் ஏறாமல் போக இது போதும்.

எங்கள் யோசனை: நெடுஞ்சாலைக்கு மேம்பாலம், பெரிய கிராமச் சாலைக்கு, சிக்னலோடு இணைந்த ஆள் உள்ள கேட், வண்டிப் பாதைகளைப் பக்கச் சாலை போட்டு ஒரே கேட்டுக்குக் கொண்டுவருவது. நிலம் கிடைக்கும் இடத்தில் பாதையை உயர்த்திச் சாலையைத் தரை மட்டத்திலேயே விடலாம், தண்ணீர் தேங்காது.

உப்புக் காற்று தண்டவாளத்தை என்ன செய்யும்?

பொறையாருக்குக் கிழக்கே இது தினசரிச் சங்கதி. துரு மேலே பிடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், சக்கரம் தேய்த்துவிடும். ஆபத்து அடியில். தண்டவாளத்தின் பாதம் சிலீப்பரோடு சேரும் இடத்தில் உப்பு ஈரம் தங்கி, தண்டவாளத்தைச் சிலீப்பரோடு பிடித்துவைக்கும் கிளிப்பும் அதன் அடியில் வைக்கும் லைனரும் உட்காரும் விளிம்பை அரிக்கும். வெளியே தெரியாது. கிளிப்பும் துருவேறி இறுகிவிடும். அதைக் கழற்றினால்தானே அடியைப் பார்க்க முடியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிளிப்புகளைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். தண்டவாளத்தின் அடிப் பக்கத்துக்குத் தார்ப் பூச்சு கொடுக்க வேண்டும். கி.மீ.க்கு 6,640 கிளிப். கீமேன் (பாதையை நடந்து பார்க்கும் ஊழியர்) ஒருவர் சுத்தியலோடு நடந்து முடிக்கிற வேலை இல்லை. ஆள் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

நீராவி எஞ்சின் விட முடியுமா?

திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரி ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களையே கட்டித் தந்திருக்கிறது. கைத்திறன் காவிரிக் கரையிலேயே உண்டு. சிக்கல் தண்ணீர்.

தரங்கம்பாடியில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அதைக் கொதிகலனில் விட்டால் நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கும். உப்பு ஏற ஏற நீர் சோறு பொங்குவது போல நுரைக்கும். நுரை ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். ஆவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மோதி சிலிண்டர் மூடி உடையும். கடினநீர் என்றால் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு பிடித்துச் சூடு உள்ளே போகாது, குழாய் வெந்து வெடிக்கும். ஆகவே மயிலாடுதுறையில் சுத்திகரித்த நீரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும் வரை அதையே நம்ப வேண்டும். அடுப்பு மூட்டி ஆவி ஏற நான்கைந்து மணி நேரம். காலை 8 மணி வண்டிக்கு அதிகாலை 3 மணிக்கே ஆள் வேண்டும். கோடை வைக்கோல், தீப்பொறி என்பதையும் மறக்கக் கூடாது.

மாதம் ஒரு நாள், தை முதல் மாசி வரை, என்று வைத்துக்கொண்டால் நடக்கும். தினசரி வண்டிக்கு நீராவியை நினைக்க வேண்டாம்.

எத்தனை பெட்டி? எவ்வளவு நேரம்? அட்டவணை எப்படி இருக்க வேண்டும்?

29 கி.மீ.யை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கடக்க 35 நிமிஷம். ஆறு நிலையத்தில் நின்று கிளம்ப, தலைக்கு 3 நிமிஷம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் வரும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள டெமு வகை டீசல் வண்டி போதும். எஞ்சினைக் கழற்றி மாற்ற வேண்டாம். எட்டுப் பெட்டிக்கு 200 மீட்டர் நடைமேடை. ஒரு பெட்டி மட்டும் பெரிய கண்ணாடி வைத்த விஸ்டாடோம். மீதி சாதாரணப் பெட்டி, சாதாரணக் கட்டணம். ரயில்வேயின் பாரத் கௌரவ் திட்டத்தில் தனியார் ரயில் விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது 14 முதல் 20 பெட்டி கொண்ட நெடுந்தூரச் சுற்றுலா வண்டிக்கானது, இதற்குப் பொருந்தாது.

முதல் வண்டி, இரவு சென்னையில் ஏறி விடியுமுன் மயிலாடுதுறையில் இறங்குகிறவரைப் பிடிக்க வேண்டும். திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி (அறுபதாம் கல்யாணம்) ஹோமங்கள் காலையிலேயே நடக்கும்; தம்பதி முதல் நாளே வந்துவிடுவார்கள், உறவுக்காரர்கள்தான் அன்று காலை வருவார்கள். அதனால் 6 மணிக்குள் திருக்கடையூர் சேராத வண்டியால் பயனில்லை. அதே வண்டி திரும்பும்போது கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவரை மயிலாடுதுறைக்குக் கொண்டுவரட்டும். பிற்பகல் 3 மணிக்குக் கிளம்பும் வண்டி கடற்கரைக்குப் போகிறவருக்கும் கல்லூரியிலிருந்து வீடு திரும்புகிறவருக்கும். இருட்டியதும் தரங்கம்பாடியிலிருந்து ஒரு வண்டி கட்டாயம் வேண்டும். திரும்ப வழியில்லாத ஊருக்குச் சுற்றுலாப் பயணி ரயிலில் வர மாட்டார்.

ஒற்றைப் பாதை என்றால் எதிரே ரயில் வந்து மோதாதா?

கடைசி முனை அடைபட்ட கிளைப் பாதைக்கு எளிய வழி ஒன்று உண்டு: பாதையில் ஒரே ரயில். மயிலாடுதுறை நிலைய அதிகாரி ஓட்டுநர் கையில் ஓர் அடையாளக் கோலைக் கொடுப்பார். அது இல்லாமல் எந்த வண்டியும் கிளைக்குள் நுழைய முடியாது. அது ஒன்றே ஒன்றுதான். வழி நிலையங்களில் சிக்னலும் வேண்டாம், கூடுதல் ஆளும் வேண்டாம். ஆனால் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய ஓட்டம் முழுவதும் போச்சு. திருக்கடையூரில் ஒரு லூப் பாதைக்கான நிலத்தை இப்போதே ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

யார் யார் அனுமதி வேண்டும்?

முதலில் போக்குவரத்து, பொறியியல் ஆய்வு. பின் இறுதி இட ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை. ரயில்வே வாரியத்தின் ஒப்புதல், பட்ஜெட்டில் பணம். மாநில அரசு வழியாக நில எடுப்பு. வேலை முடிந்த பின் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தள்ளுவண்டியில் பாதை முழுவதும் பார்த்து, வேக சோதனை ஓட்டம் நடத்திப் பரிந்துரைத்த பிறகே பயணிகளை ஏற்றலாம். 1989 ரயில்வே சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்த ஆணையர் ரயில்வேக்குக் கீழே இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்.

ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

'ரயில் வேண்டும்' என்ற மனு நிறையப் போய்விட்டது. எண்ணோடு எழுதுங்கள். ஒரு வாரம் செம்பனார்கோவிலிலும் பொறையாரிலும் நின்று பேருந்துக்கு எத்தனை பேர், எந்த நேரத்தில் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். திருக்கடையூரில் முகூர்த்த நாள் ஒன்றிலும் சாதாரண நாள் ஒன்றிலும் வெளியூர் வண்டிகளை எண்ணுங்கள். ஊராட்சி வாரியாக ரயில்வே புல எண்கள், அவற்றில் எவ்வளவு காலி, எவ்வளவில் வீடு, எவ்வளவில் பயிர் என்று பட்டியல் போடுங்கள். வீடு இருந்தால் அவர்களுக்கு மாற்று இடம் எது என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். அதை விட்டுவிட்டு எழுதினால் அந்தக் குடும்பங்கள் எதிர்ப்பது நியாயம். நவம்பரில் தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேதியோடு படமெடுத்துச் சேருங்கள். எந்த ஆய்வுக் குழுவும் மழையில் வந்து பார்க்கப்போவதில்லை.

இப்போதைக்கு அந்த வழியே போய்ப் பார்க்க வேண்டுமானால்?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகப் பேருந்து உண்டு. பழைய ரயில் தொட்ட ஊர்கள்தான். தில்லையாடி பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. கையில் புல வரைபடம் இருந்தால் ஆக்கூருக்கும் பொறையாருக்கும் நடுவே இறங்கி நடப்பது நல்லது. போக ஏற்ற மாதம் மாசி: அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும், கரையின் உயரம் தூரத்திலிருந்தே தெரியும். உளுந்து, பயறு விதைத்த வயலில் மிதிக்காமல் வரப்பிலேயே நடங்கள்.